வெயிலில் கழுவிய பிலிம்

உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் அந்தக் கறுப்பு வெள்ளை பிலிம் நாடெங்கும் விற்றது. மலைக்குளிரில் உருவான சுருளை அகரம் போன்ற திண்டுக்கல் சமவெளி ஊரில், வீட்டிலேயே கழுவுவதென்றால் வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கோடாக்கின் டி-76 டெவலப்பரில் லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. வழக்கமான சூடு 20 டிகிரி செல்சியஸ். சித்திரையில் தொட்டித் தண்ணீரே அதைத் தாண்டிவிடும். சூடு ஏறினால் நெகட்டிவ் அளவுமீறிக் கறுக்கும். ஜெலட்டின் ஊறி இளகும், நகம் பட்டாலே கீறல் விழும்.

ஐஸ் போட்ட அண்டாவில் கரைசல் புட்டியை இறக்கிவைப்பது எளிய வழி. வெப்பநாடுகளுக்கான கரைசல்களில் ஜெலட்டின் ஊறாதிருக்க சோடியம் சல்பேட்டும் சேர்த்தார்கள். இந்தப் பாடு வீணல்ல: நெகட்டிவில் பதியாத நிழல் விவரத்தை எந்தத் தாளாலும் பிரிண்ட்டில் கொண்டுவர முடியாது.