காசு போட்டால் பறக்கும் விமானம்

மாலை வேளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து ஜெட் போர் விமானம் ஓட்டுகிறார்கள். தில்லியாயினும் மும்பையாயினும் இக்காட்சி பொதுவானதே. விசைப்பலகையில் நாலைந்து விசைகள் பழகிவிட்டால் போதும், விமானம் மேகங்களைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது, பகைவனைச் சுற்றியுள்ள சிறு கட்டம் நிறம் மாறுகிறது, ஏவுகணை புறப்படுகிறது. பொழுதை வீணாக்கும் புதுப் பழக்கம் என்று பெரியவர்கள் இதனைக் கடிந்துகொள்வதுண்டு. பழக்கம் அவ்வளவு புதிதன்று. இதன் வரலாறு ஓர் ஆர்கன் தொழிற்சாலையில் தொடங்குகிறது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில், எட்வின் லிங்க் என்பவரின் தந்தை பியானோக்களும் ஆர்கன்களும் செய்து விற்று வந்தார். 1920ஆம் ஆண்டில் எட்வின் 50 டாலர் கட்டணம் செலுத்தித் தம் முதல் விமானப் பாடத்துக்குப் போனார். ஆசிரியர் வானில் கரணம் அடித்துக் காட்டினாரேயொழிய, மாணவரை விசைக்கோலைத் தொடவிடவில்லை. தரையில் இருந்தபடியே, சிறு செலவில் பறக்கக் கற்க வழியில்லையா என்ற ஏக்கம் எட்வினைப் பற்றிக்கொண்டது. ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைச் சிறு வயது முதலே அறிந்தவர் அவர். அத்தகைய துருத்திகளின்மேல் குட்டி விமானம் போன்ற பெட்டி ஒன்றை ஏற்றினார். உள்ளே அமர்ந்தவர் விசைக்கோலை அசைத்தால், ஒரு பக்கத்துத் துருத்தி புடைக்கும், மறு பக்கத்தது ஒடுங்கும். பெட்டி சாயும், நிமிரும், திரும்பும்.

1931இல் அவர் பெற்ற காப்புரிமைப் பத்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. விமான மாணவர்க்குப் பயிற்சிக் கருவி என்பதோடு கேளிக்கைச் சாதனம் என்ற பெயரும் யந்திரத்தின் தலைப்பிலேயே சேர்ந்திருக்கிறது. வாங்கியவர்கள் இரண்டாவது பெயரையே மதித்தார்கள். விமானிகளை உருவாக்க வந்த பெட்டி, கேளிக்கைப் பூங்காக்களில் காசு விழுங்கிக்கொண்டு ஆடிற்று.

1934 பிப்ரவரியில் அமெரிக்க இராணுவ விமானப் படையிடம் தபால் சுமக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. கடுங்குளிர், பனிமூட்டம், இருள். கருவிகளை மட்டும் நோக்கி விமானம் ஓட்டப் பழகாத இளைஞர்கள் அடுத்தடுத்து மாண்டனர். அதன் பின்னரே படை லிங்கின் பெட்டிகளில் ஆறினை வாங்கியது. மேல்மூடியை இழுத்து மூடிவிட்டால் உள்ளிருப்பவருக்கு வெளியுலகம் அறவே தெரியாது. உடம்பு சொல்வதை நம்பாதே, முள் காட்டுவதை நம்பு என்பதே அங்கே பாடம். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இவ்வகைப் பெட்டிகள் 10,000க்கு மேல் செய்யப்பட்டன. போருக்கு முன்னர் ஜப்பானியக் கடற்படையும் இவற்றை வாங்கியிருந்தது.

கணினி பரவிய பின்னர், பயிற்சிக் கருவி மறுபடியும் கேளிக்கையாயிற்று. புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆக்கிய விமான ஓட்டத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1982இல் தனியாள் கணினிக்கு வெளியிட்டது. முதல் உலகப் போர்க்கால ஆகாயச் சண்டையும் அதில் உண்டு. ஆயினும் அதன் நாட்டம் உண்மையாகப் பறப்பதிலேயே இருந்தது. வேகத்தையும் வெற்றியையும் முன்வைத்த மற்றொரு மரபு ஜப்பானில் கிளைத்தது. 1987இல் செகா நிறுவனத்தின் யு சுசுகி வடிவமைத்த 'ஆஃப்டர் பர்னர்', ஆடுபவரை இருக்கையோடு சுழற்றிச் சாய்த்தது. காசு போடும் அவ்யந்திரத்தைக் கண்டால் லிங்க் தம் பெட்டியின் பேரப்பிள்ளை என்றே எண்ணியிருப்பார்.

இவ்வகைக்கு 'ஆர்கேட்' என்று பெயர். வில் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. வளைவுகள் தாங்கும் நடைமண்டபத்தை முதலில் குறித்தது. பின் அதிலுள்ள கடைகளையும், கடைகளில் வைத்த காசு யந்திரங்களையும், முடிவில் அவற்றுக்குரிய விரைவான ஆட்டமுறையையும் குறிக்கலாயிற்று. மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட எனக்கு இதனை 'மண்டப விளையாட்டு' என்று தமிழாக்க ஆசைதான். ஆனால் கேட்பவருக்குக் கோயில் மண்டபத்து ஆடுபுலி ஆட்டம் அன்றோ நினைவுக்கு வரும்!

1995இல் நாம்கோ நிறுவனம் வீட்டு விளையாட்டாகத் தொடங்கிய 'ஏஸ் காம்பாட்' வரிசை இம்மரபில் பெரும்புகழ் பெற்றது. அதில் எரிபொருள் தீரும் கவலை பெரும்பாலும் இல்லை. உண்மையான போர் விமானம் விரல்விட்டு எண்ணத்தக்க ஏவுகணைகளையே சுமக்கும். இதிலோ பல பத்துக் கணக்கில் ஏவிக்கொண்டே போகலாம். இவற்றைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். கூத்துமேடையில் அர்ச்சுனனின் அம்பறாத்தூணியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரிய இழப்பு வேறொன்று. கடுந்திருப்பத்தில் விமானியை ஒன்பது மடங்குப் புவியீர்ப்பு அழுத்தக்கூடும். எழுபது கிலோ மனிதர் அந்நேரம் 630 கிலோவாகக் கனக்கிறார். மூளைக்கு இரத்தம் ஏறாமல் கண் இருண்டு போகிறது. லிங்கின் பெட்டி கண்ணை மூடி உடம்பைச் சாய்த்தது. கணினி விளையாட்டோ கண்ணுக்கு வானம் முழுவதையும் தந்து, உடம்பை நாற்காலியில் விட்டுவிட்டது.

அவ்வரிசையின் ஏழாம் விளையாட்டு 2019 பிப்ரவரி 1ஆம் தேதி கணினிகளுக்கு வந்தது. அதே மாதம் 27ஆம் தேதி, தமிழரான விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் ஓட்டிய மிக்-21 விமானம் வான்சண்டையில் வீழ்த்தப்பட்டது. பாரசூட்டில் குதித்த அவர் பாகிஸ்தானியரிடம் சிறைப்பட்டார். மார்ச் 1ஆம் தேதி அட்டாரி எல்லையில் பெருங்கூட்டம் பகல் முழுவதும் காத்திருந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே அவர் இந்திய மண்ணில் கால்வைத்தார். இடையிலிருந்த இரு இரவுகளைத் தமிழ்க் குடும்பங்கள் கழித்த விதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

அவ்வாண்டு ஜூலை 31ஆம் தேதி இந்திய விமானப் படை, கைப்பேசியில் ஆடத்தக்க வான்போர் விளையாட்டு ஒன்றைத் தானே வெளியிட்டது. அதில் தோன்றும் விமானி ஒருவரின் மீசை யாருடையது என்று ஒருவரும் கேட்கவேண்டியிருக்கவில்லை.