தோட்டப் பிள்ளையின் பொறுப்பும் மனமும்

பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "இன்று என்ன பாடம்?" என்று கேட்கிறோம். "ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்பது நம்மிடையே குறைவு. இந்தக் குறைக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சற்றுப் பார்ப்போம்.

நம் மலாக்காவில்தான் 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. நாடெங்கும் தோட்டங்கள் பெருகப் பெருக, கங்காணிமார் வழியே நம் முன்னோர் கப்பலேறி வந்தனர்.

விடியுமுன் பெரட்டு. தாயும் தகப்பனும் நிரைக்குப் போய்விட்டால் கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். சற்று வளர்ந்தது அக்காளின் இடுப்பில் ஏறிக்கொள்ளும். அந்த அக்காளுக்கு எட்டு வயதுதான் இருக்கும். பையனோ பள்ளி விட்டதும் ஒட்டுப்பால் பொறுக்கவும் மங்கு துடைக்கவும் போவான். ஆகவே பொறுப்பு என்பதைத் தோட்டப் பிள்ளைக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அது தோள் தாங்காத அளவுக்கு இருந்தது. இல்லாதது வேறு. பயம், கோபம், வெட்கம் என்று மனத்தில் எழுவதை எடுத்துச் சொல்ல ஓர் இடம் இல்லை. அழுதால் அதட்டு, தூங்கி விழுந்தால் பிரம்பு.

பள்ளிக்கூடம் அந்த இடமாக இருந்திருக்கலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டங்கள், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றன. பள்ளிகள் தோன்றின. ஆனால் பல இடங்களில் அது ஒரு கொட்டகைதான். கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். எல்லா வகுப்புக்கும் ஒருவரே. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்தும் கணக்கும் கற்பிக்கவே பொழுது போதாதபோது, பிள்ளையின் மனத்தை எப்போது கேட்பார்?

1957இல் நாடு விடுதலை பெற்றபோது சுமார் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போக, பல பள்ளிகள் மூடப்பட்டன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே உள்ளன.

இதற்கிடையே 1983இல் கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டத்துடன் நன்னெறிக் கல்வி வந்தது. முஸ்லிம் மாணவர்கள் சமயக் கல்வி பயிலும் வேளையில் மற்றவர்களுக்கு இப்பாடம். அப்போது பதினாறு நற்பண்புகள் அதன் அடிப்படையாக இருந்தன. பண்புகளின் பெயரை ஒப்பிப்பதோடு பாடம் நின்றுவிடுகிறது என்ற குறை உண்டு. நாமும் அதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் பாடத்தின் நோக்கம் பெரிது. சிந்தித்தல், உணர்தல், செய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நன்னெறி என்கிறது. இதில் நடுவிலிருக்கும் உணர்தல்தான் நம் லயங்களில் கேட்பாரற்றுக் கிடந்தது.

இன்று பல குடும்பங்கள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகரம் என்று குடிபெயர்ந்துவிட்டன. பெற்றோருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பத்து வயது மகள் சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டு, தம்பிக்குச் சோறு போட்டுக் காத்திருக்கிறாள். தம்பியைத் தனியே பார்த்துக்கொள்ள அவளுக்குப் பயமாக இருக்கலாம். தோழிகளோடு விளையாட முடியவில்லையே என்ற கோபமும் இருக்கலாம். அந்தக் கோபத்தால் அவள் கெட்ட பிள்ளை ஆகிவிடமாட்டாள்.

நேரமில்லையே என்பீர்கள். சோறு பரிமாறும் நேரம் போதும். தம்பி சாப்பிட்டானா என்று கேட்ட பிறகு, "உனக்கு இன்று எப்படி இருந்தது, அம்மா?" என்று அவளையும் கேளுங்கள். பதில் வரும்வரை சற்றுப் பேசாதிருங்கள்.