கதவைத் தட்டும் அரசாங்கம்: அமெரிக்கப் பெற்றோர்களின் உரிமை வரலாறு

ஒரு வீட்டின் கதவு தட்டப்படுகிறது. வெளியே நிற்பவர் குழந்தைகள் பாதுகாப்புத் துறையின் சமூகப் பணியாளர். "நீங்கள் குழந்தையை அடிப்பதாகப் புகார் வந்திருக்கிறது, உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று கேட்கிறார். முடியாது என்று சொல்லலாமா? சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா? வக்கீலைக் கூப்பிடலாமா? அமெரிக்காவில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடி நூறு வருடங்களுக்கும் மேலாக வழக்குகள் நடந்திருக்கின்றன. சில கேள்விகளுக்கு இன்றைக்கும் மாநிலத்துக்கு ஒரு பதில்தான்.

மேரி எல்லன்

கதை 1874-இல் நியூயார்க்கில் தொடங்குகிறது. மேரி எல்லன் வில்சன் என்ற பத்து வயதுச் சிறுமியை அவளை வளர்த்த பெண் தினமும் அடித்து வந்தாள். முகத்தில் கத்தரிக்கோலால் ஏற்பட்ட காயம் வேறு. எட்டா வீலர் என்ற சமூக ஊழியர் பல இடங்களில் உதவி கேட்டும் யாரும் தலையிடவில்லை. கடைசியில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்கிடம் போனார்.

விலங்குகளுக்கான சட்டத்தைக் காட்டித்தான் அந்தச் சிறுமியை மீட்டார்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பெர்க் ஒரு தனி மனிதராகவே தலையிட்டார். அவருடைய வக்கீல் எல்பிரிட்ஜ் கெர்ரி, சட்ட விரோதமாக அடைத்து வைத்திருப்பவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் செய்யும் ஆட்கொணர்வு சட்டத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். வளர்த்தவளுக்கு ஒரு வருடச் சிறை. மேரி எல்லன் பிறகு திருமணம் செய்து, குழந்தைகள் பெற்று, 92 வயது வரை வாழ்ந்தார்.

இந்த வழக்கிலிருந்து குழந்தை வதைத் தடுப்புச் சங்கம் பிறந்தது. மற்ற நகரங்களிலும் அதே மாதிரி சங்கங்கள் வந்தன. இவை அரசுத் துறைகள் அல்ல, தனியார் அமைப்புகள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து குழந்தையை எடுத்துப் போகும் அளவுக்குச் செல்வாக்கு இருந்தது. அப்படிப் பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், புதிதாகக் குடியேறியவர்கள். கெட்ட பெற்றோர் யார், வெறும் ஏழைப் பெற்றோர் யார் என்ற குழப்பம் அன்றே ஆரம்பித்துவிட்டது.

எக்ஸ்ரே சொன்ன உண்மை

1962-இல் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழே விழுந்ததாகச் சொல்லிக் கொண்டுவரப்படும் குழந்தைகளின் எலும்பு முறிவுகளில் பல, அடியால் வந்தவை என்பதை அது காட்டியது. நாடே அதிர்ந்தது. சில வருடங்களுக்குள் எல்லா மாநிலங்களிலும், சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் புகார் செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. 1974-இல் மத்திய அரசும் குழந்தை வதைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. புகார்கள் குவிந்தன. விசாரணை ஒரு பெரிய அரசு இயந்திரமாக மாறியது.

அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கும் பெற்றோருக்கு என்ன உரிமை என்று அப்போது யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை. அதை ஒவ்வொரு வழக்காகக் கோர்ட்டுகள் சொல்ல வேண்டியிருந்தது.

கோர்ட் சொன்னது

1972-இல் ஸ்டான்லி வழக்கு. இல்லினாய் மாநிலத்தில் திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்த ஒரு பெண் இறந்ததும், அவருடைய குழந்தைகளை அரசு எடுத்துக்கொண்டது. தகப்பன் நல்லவரா கெட்டவரா என்று விசாரிக்கக்கூட இல்லை. திருமணம் ஆகாத தகப்பனைச் சட்டம் பெற்றோராகவே எண்ணவில்லை. விசாரிக்காமல் பறிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1978-இல் செவ்விந்தியக் குழந்தைகள் நலச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆய்வுகளில், பழங்குடிக் குழந்தைகளில் 25 முதல் 35 சதவீதம் பேர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பெற்றோருக்கும் பழங்குடி அரசுகளுக்கும் அந்தச் சட்டம் கூடுதல் உரிமை தந்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

1981-இல் வந்த லாசிட்டர் வழக்குதான் மனதை உறுத்துவது. வட கரோலினாவில் கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஒரு தாயைக் கோர்ட்டுக்கு அழைத்து வந்தார்கள், மகன் மேல் அவருக்கு இருந்த உரிமையை நிரந்தரமாக ரத்து செய்வதற்காக. வக்கீல் இல்லை. சமூகப் பணியாளரை அவரே குறுக்கு விசாரணை செய்யப் பார்த்தார். கேள்வி கேட்கத் தெரியாமல் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார், நீதிபதி நிறுத்திக்கொண்டே இருந்தார். மகனை இழந்தார். இலவச வக்கீல் எல்லா வழக்குக்கும் கட்டாயம் இல்லை, வழக்கைப் பொறுத்து முடிவு செய்யலாம் என்று 5-4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சில நாள் ஜெயிலுக்குப் போகும் திருடனுக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு, குழந்தையை என்றென்றைக்கும் இழக்கும் தாய்க்குக் கட்டாயம் இல்லை! பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டத்தால் வக்கீல் தருகின்றன என்பது மட்டுமே ஆறுதல்.

அடுத்த வருடமே, 1982-இல், சான்டோஸ்கி வழக்கில் காற்று மாறியது. பெற்றோர் உரிமையை ரத்து செய்ய, 'ஏறக்குறைய உண்மையாக இருக்கலாம்' என்கிற அளவு சாட்சியம் போதாது, தெளிவான, நம்பத்தகுந்த சாட்சியம் வேண்டும் என்றார்கள். மிகச் சிறந்த பெற்றோராக இல்லை என்பதற்காக ஒருவருடைய உரிமை காணாமல் போய்விடாது என்பதே அதன் சாரம்.

வாசற்படியில்

இவை எல்லாம் கோர்ட்டுக்குள் நடப்பவை. வாசலில்?

1971-இல் வைமன் வழக்கில், அரசு உதவித்தொகை வாங்கும் ஒரு தாய் வீட்டைப் பார்க்க விடவில்லை என்றால் உதவியை நிறுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழையின் கதவுக்குத் தாழ்ப்பாள் கொஞ்சம் பலவீனம்தான். ஆனால் 1999-இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த கலப்ரெட்டா வழக்கில், ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு மாதிரி பேசியது. இரவில் ஒரு குழந்தை கத்தியதாகப் பெயர் சொல்லாத ஒருவர் புகார் செய்திருந்தார். தாய் முதல் தடவை சமூகப் பணியாளரை உள்ளே விடவில்லை. சில நாட்கள் கழித்து அவர் போலீஸ்காரருடன் வந்து, வாரண்ட் இல்லாமல் உள்ளே நுழைந்தார். மூன்று வயதுக் குழந்தையின் உடை கழற்றப்பட்டுச் சோதனை நடந்தது. இத்தனை நாள் காத்திருந்தவர்களுக்கு அவசரம் என்ன, வாரண்ட் வாங்கியிருக்கலாமே என்று கோர்ட் கேட்டது. சமூகப் பணியாளருக்கும் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் பொருந்தும் என்பது தெளிவானது.

2003-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. முதல் சந்திப்பிலேயே என்ன புகார் என்று சம்பந்தப்பட்டவரிடம் சொல்ல வேண்டும் என்ற விதி வந்தது. 2008-இல் டெக்சாஸில் ஒரு மதக் குழுவின் பண்ணையிலிருந்து 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை மொத்தமாக எடுத்தபோது, ஒவ்வொரு குழந்தைக்கும் ஆபத்து இருந்ததற்குச் சாட்சியம் இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பச் சொன்னது. அதே டெக்சாஸ் 2023-இல், பேச மறுக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்குள் விட மறுக்கலாம் என்பதை விசாரணை தொடங்கும்போதே பெற்றோருக்குச் சொல்லவேண்டும் என்று சட்டம் போட்டது.

மறுபக்கம்

உரிமை உரிமை என்று பேசும்போது டிஷேனி வழக்கை மறக்கக்கூடாது. விஸ்கான்சினில் ஒரு நான்கு வயதுச் சிறுவன் அடிபடுவதாக அதிகாரிகளுக்குப் பல முறை தகவல் வந்தது. ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய்க் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். 1984-இல் தகப்பன் அடித்த அடியில் குழந்தையின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. அரசுக்கு அரசியல் சட்டப்படி பொறுப்பில்லை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது.

மேரி எல்லனுக்காக யாரோ ஒருவர் கதவைத் தட்டவேண்டியிருந்தது. கலப்ரெட்டா வீட்டில் தட்டியவர் வாரண்டோடு வந்திருக்க வேண்டும். டிஷேனி வீட்டில் திரும்பத் திரும்பத் தட்டியும் ஒன்றும் செய்யவில்லை. பெற்றோர் உரிமை என்பது குழந்தையை அடிப்பதற்கான உரிமை அல்ல. அரசு தான் சொல்வதை நிரூபித்துவிட்டுத்தான் குழந்தையைத் தொடவேண்டும் என்று கேட்கும் உரிமை. அப்படி நிரூபிக்க வேண்டியிருந்தால் அரசும் ஒழுங்காக விசாரிக்கும். அதில் அதிக லாபம் குழந்தைக்குத்தான்.