பென்ஷனுக்காகப் பிறந்த கிரெடிட்

பூதலூரில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு ரயில் பாதையின் இரண்டு பக்கமும் கல்லூரி உண்டு. கிழக்கே தஞ்சாவூரில் மன்னர் சரபோஜி அரசு கல்லூரி, பெண்களுக்குக் குந்தவை நாச்சியார் கல்லூரி. மேற்கே போனால் திருச்சி. கலை, அறிவியல் படிப்பென்றால் எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். சேர்ந்ததும் பார்க்கிற பாடத்திட்ட அட்டவணையில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது ஒன்று, எத்தனை கிரெடிட் என்பது மற்றொன்று. மணி புரிகிறது. கிரெடிட் என்றால் என்ன என்று கேட்க, முதல் பட்டதாரிப் பிள்ளைக்கு வீட்டில் ஆள் கிடையாது. அரியர் விழுந்து, மூன்றாம் ஆண்டு முடிந்தும் பட்டம் வராமல் நிற்கும்போதுதான் பலருக்கு அந்த இரண்டாவது எண்ணின் பலம் தெரிகிறது.

அந்த எண் பிறந்த கதை தெரிந்தால், அதை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

கிரெடிட் வருவதற்கு முன்னால் நம் ஊரில் பட்டம் என்றால் தேர்வு, அவ்வளவுதான். லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து 1857-இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை, தேர்வு வைத்தது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் தேர்ச்சி. இதில் அடிபட்டவர்களில் நாடறிந்த பெயர் நம் டெல்டாவிலேயே இருக்கிறது. சீனிவாச ராமானுஜன் 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. என்ற இடைநிலை வகுப்பில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. மற்ற பாடங்களில் தவறினார், உதவித்தொகை போனது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிவிட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மறுபடி எழுதியும் தேறவில்லை. அவர் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைத் தனியாக எடுத்து வைக்க அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது, ஆராய்ச்சியைப் பார்த்து.

அன்று கிரெடிட் முறை இருந்திருந்தால் ராமானுஜன் தப்பியிருப்பார் என்று சொல்ல மாட்டேன். கணக்குக்கு உரிய கிரெடிட் கணக்கில் ஏறியிருக்கும், ஆங்கிலம் அரியராக நின்றிருக்கும், பட்டம் அப்போதும் வந்திராது. ஆனால் படித்தது படித்ததாக நின்றிருக்கும். அதுவே பெரிய வித்தியாசம்.

அவர் விசாகப்பட்டினம் போன அதே 1905-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னகி ஒரு கோடி டாலரை எடுத்து வைத்தார். ஸ்காட்லாந்தில் கைத்தறி நெசவாளியின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவில் எஃகுத் தொழிலில் பெரும் பணம் சேர்த்து, 1901-இல் தொழிலை விற்றுவிட்டவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அறங்காவலராக இருந்தபோது பேராசிரியர்கள் வாங்கும் சம்பளத்தைப் பார்த்து அதிர்ந்து போனார். ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவருக்கு வயதான காலத்தில் கையில் காசில்லை. அவர்களுக்குப் பென்ஷன் கொடுக்கத்தான் அந்தப் பணம். அதை நிர்வகிக்கக் கார்னகி அறக்கட்டளை அமைந்தது, எம்.ஐ.டி.யின் தலைவராக இருந்த ஹென்றி பிரிட்செட் பொறுப்பேற்றார்.

பணம் வந்ததும் ஒரு சிக்கல் வந்தது. யாருக்குக் கொடுப்பது? கல்லூரிப் பேராசிரியருக்கு. சரி, எது கல்லூரி? அந்தக் காலத்து அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பாடத்தையே நடத்திக்கொண்டு கல்லூரி என்று பலகை மாட்டியிருந்த இடங்கள் நிறைய. அறக்கட்டளை நிபந்தனை போட்டது: முழுநேரப் பேராசிரியர்கள் குறைந்தது ஆறு பேர் இருக்க வேண்டும், நான்காண்டுப் படிப்பு இருக்க வேண்டும், சேரும் மாணவர் பள்ளியில் 14 யூனிட் முடித்திருக்க வேண்டும். ஒரு யூனிட் என்றால் ஒரு பாடத்தை ஓர் ஆண்டில் 120 மணி நேரம் வகுப்பில் படித்திருப்பது. பென்ஷனை இழக்க எந்தக் கல்லூரிக்கு மனம் வரும்? சேர்க்கை விதிகள் மாறின. கல்லூரி கேட்கிறது என்பதால் பள்ளிகளும் மணிக் கணக்கில் பாடத்தை அளந்தன.

கல்லூரிக்கு உள்ளேயும் மணியை எண்ணும் வழக்கம் அதற்கு முன்பே தலைகாட்டியிருந்தது. ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட், எல்லாரும் ஒரே பாடத்தைப் படிக்க வேண்டியதில்லை, விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். ஒருவர் கிரேக்கம், ஒருவர் வேதியியல் என்று ஆளுக்கொரு வழி போனால் இருவருக்கும் ஒரே பட்டம் கொடுக்கப் பொதுவான கணக்கு ஒன்று வேண்டும். அதற்கு வகுப்பு மணி வசதியாக அமைந்தது. 1910-இல் மோரிஸ் குக் என்ற பொறியாளர் இன்னொரு படி போனார். தொழிற்சாலையில் வேலையை நிமிடக் கணக்கில் அளந்த ஃபிரெடெரிக் டெய்லரின் வழியில் வந்தவர் அவர். கார்னகி அறக்கட்டளைக்காகக் கல்லூரிகளை ஆராய்ந்து, ஒரு மாணவர் ஒரு மணி நேரம் வகுப்பிலோ ஆய்வுக்கூடத்திலோ இருப்பதை ஓர் அலகாக வைத்துக்கொண்டால் எந்தத் துறையில் என்ன செலவாகிறது என்று ஒப்பிடலாம் என்று எழுதினார். சேர்க்கைக்கு, பென்ஷனுக்கு, செலவுக் கணக்குக்கு என்று அந்த மணி பயன்பட்டது. மாணவர் என்ன கற்றார் என்பதை அளக்க யாரும் அதை உருவாக்கவில்லை.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வயதான ஆசிரியர் கௌரவமாக வாழ வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த அளவு அது. நாளடைவில் அமெரிக்கப் பட்டமே அதன்மேல் நின்றது. வாரம் ஒரு மணி வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி சொந்தப் படிப்பு, இப்படிப் பதினைந்து வாரம் போனால் ஒரு கிரெடிட். 120 கிரெடிட் சேர்ந்தால் பட்டம். 2015-இல் கார்னகி அறக்கட்டளையே இதைத் திரும்ப ஆராய்ந்து, கற்றலை அளக்க இது ஏற்பட்டதில்லை என்று அறிக்கை வெளியிட்டது. உடனே தூக்கிவிட முடியாது, இதன்மேல் எத்தனையோ கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை.

இந்தியாவுக்கு அது வந்த வழிகளில் நம் டெல்டாவுக்கு நெருக்கமானது வேளாண்மை வழி. 1960-இல் பந்த்நகரில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கியது, கிரெடிட் கணக்கும் அதோடு வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஃபோர்டு அறக்கட்டளையின் பேக்கேஜ் திட்டமும் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தது, விதை, உரம், கடன் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பதற்கு. 1971-இல் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைந்தது.

வேளாண் மாணவரின் பாடப்பட்டியலைப் பார்த்தால் பாடத்தின் பெயருக்கு அருகில் 2+1 என்று போட்டிருக்கும். கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பது வகுப்பறை, பின்னால் இருப்பது செய்முறை. வகுப்பில் ஒரு மணி உட்கார்ந்தால் ஒரு கிரெடிட். செய்முறையில் ஒரு கிரெடிட் வாங்க அதைவிடக் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். கலை, அறிவியல் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லும் கணக்கும் இதுவே: செய்முறைக்கும் களப்பணிக்கும் வாரம் இரண்டு மணிக்கு ஒரு கிரெடிட். வயலில் இறங்கிக் குத்துக்குத் தூர் எண்ணிப் பார்க்கும் இரண்டு மணியும், கரும்பலகைக்கு முன்னால் உட்காரும் ஒரு மணியும் சமம் என்பது இதன் பொருள். செய்முறைக்கு வீட்டில் தனியாகப் படிக்க வேண்டியதில்லை என்று காரணம் சொல்வார்கள். நெல் விளையும் ஊரில் இருந்து பார்க்கிறவனுக்கு அந்தக் காரணம் போதவில்லை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது முதல்வர்கள் குழு வகுத்த பாடத்திட்டத்தில் கிராமத் தங்கல் பயிற்சிக்கும் வேளாண் தொழில் நிறுவனப் பயிற்சிக்கும் சேர்த்து 0+20 என்று போட்டிருந்தது. ஒரு பருவம் முழுவதும் வகுப்பறைக்குப் பூஜ்யம், விவசாயியோடும் தொழில் நிறுவனத்திலும் இருந்து கற்பதற்கு இருபது கிரெடிட். கிரெடிட் முறை நமக்குக் கொடுத்த நல்ல எண் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

கலை, அறிவியல் கல்லூரிக்கு வருவோம். 2008 வாக்கில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கிரெடிட் முறை பரவலாக வந்தது. பாரதிதாசனின் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 140 கிரெடிட் என்று வைத்தார்கள். வாரத்துக்கு 30 மணி வகுப்பு. ஆறு பருவத்துக்கும் கூட்டினால் மணி 180, கிரெடிட் 140. நடுவில் நாற்பது எங்கே போனது? அட்டவணையின் முதல் இரண்டு வரிகளில் பாதிக்குமேல் கிடைத்துவிடும். தமிழ்: வாரம் 6 மணி, கிரெடிட் 3. ஆங்கிலம்: 6 மணி, கிரெடிட் 3. நான்கு பருவத்துக்கு இரண்டு மொழிக்கும் சேர்த்து மணி 48, கிரெடிட் 24. இந்த ஒன்றிலேயே இருபத்து நான்கு கழிந்துவிட்டது. முதன்மைப் பாடத்துக்கோ 5 மணிக்கு 5 கிரெடிட் வரை உண்டு. சராசரி போடும்போது கிரெடிட்டால்தான் பெருக்குவார்கள். ஆகவே அதிக நேரம் உட்கார்ந்து படித்த தமிழுக்கு எடை குறைவு. மணியைக் குறைக்கவும் மனமில்லை, ஏனென்றால் ஆசிரியர் பணியிடம் மணிக் கணக்கில்தான் நிற்கிறது. மொழி ஆசிரியர்களின் வேலை காக்கப்பட்டது நல்லது. மொழியின் எடையும் சேர்த்துக் காக்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்த முப்பது மணியையும் கிழமையை வைத்து எண்ணுவதில்லை, டே ஆர்டரை வைத்து எண்ணுகிறார்கள். நாளுக்கு ஐந்து மணி வீதம் ஆறு டே ஆர்டர். நவம்பரில் ஆட்சியர் மழை விடுமுறை விட்டால் அன்று வர வேண்டிய டே ஆர்டர் மூன்று, கல்லூரி திறக்கும் நாளில் வரும். பாடம் தொலையாது, நாள் மட்டும் தள்ளிப்போகும். பருவத்துக்கு 90 வேலை நாள் காட்ட வேண்டும் என்பதால் பின்னால் சனிக்கிழமைகள் வேலை நாளாகும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாவட்டத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

ஆனால் தொண்ணூறு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்கு அதற்காக ஒரு கிரெடிட்கூடக் கிடைக்காது. 75 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுத உரிமை, அவ்வளவுதான். தேர்வில் தேறினால்தான் கிரெடிட் ஏறும். 137 கிரெடிட் எடுத்து ஒரு தாள் நின்றாலும் பட்டம் இல்லை. லண்டனிலிருந்து வந்த தேர்வை அப்படியே வைத்துக்கொண்டு, அமெரிக்காவிலிருந்து வந்த கடிகாரத்தை அதன்மேல் ஏற்றியிருக்கிறோம். நம் பிள்ளை இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு மூன்றாவதாக ஒன்றைக் கணக்கில் சேர்த்தது: வீட்டில் படிக்கும் நேரம். ஆண்டுக்கு 1200 மணி படிப்பு, 40 கிரெடிட். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி. இந்த அளவுகோலை நம் பழைய 140 மீது வைத்துப் பார்த்தேன். தமிழுக்குப் பதினைந்து வாரத்தில் 90 மணி வகுப்பு, 3 கிரெடிட்டுக்கும் 90 மணிதான். வகுப்பிலேயே முடிந்துவிடுகிறது. 5 கிரெடிட் முதன்மைப் பாடத்துக்கு வேண்டியது 150 மணி, வகுப்பில் நடப்பது 75. மீதி 75 வீட்டில். பருவம் முழுவதற்கும் பார்த்தால் ஏறக்குறைய 700 மணி வேண்டும், வகுப்பு 450 போக 250 மணி மாணவர் தானாகப் படிக்க வேண்டும். தொண்ணூறு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு இரண்டே முக்கால் மணிக்குமேல் வருகிறது.

பூதலூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்த இரண்டே முக்கால் மணி எங்கிருந்து வரும்? காலையிலும் மாலையிலும் ரயிலுக்கும் பேருந்துக்கும் போகிறது. ஒற்றைப்படைப் பருவத்தில் சம்பா நடவு, இரட்டைப்படைப் பருவம் தொடங்கும்போது அறுவடை. பெண் பிள்ளை என்றால் நடவுக்குப் போகும் அம்மாவின் அடுப்படி வேலை கூடவே வரும். விடுதியில் இருப்பவருக்கும் இவருக்கும் மதிப்பெண் பட்டியலில் ஒரே கிரெடிட். அதற்குப் பின்னால் இருக்கும் நேரம் ஒன்றல்ல.

இதனால்தான் புதிய ஏற்பாடுகளில் ஒரு பாதி எனக்குப் பிடித்திருக்கிறது, மறுபாதி கவலை தருகிறது. 2021-இல் வந்த கிரெடிட் வங்கியில் எடுத்த கிரெடிட் ஏழாண்டு நிற்கும். அப்பா இறந்து படிப்பை நிறுத்திய பையனும், கல்யாணமாகிப் போன பெண்ணும் விட்ட இடத்திலிருந்து தொடர அது வழி. அன்று ராமானுஜனுக்கு இல்லாத வழி. ஆனால் யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பு, ஓராண்டில் 40 கிரெடிட்டோடு ஒரு கோடைக்காலத் தொழிற்படிப்பும் முடித்து விலகினால் சான்றிதழ், அதேபோல் 80-க்குப் பட்டயம், 120-க்குப் பட்டம், நான்காண்டு முடித்து 160 எடுத்தால் ஹானர்ஸ் என்கிறது. இடையில் வெளியேறும் இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு எதிர்த்து வருகிறது. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஓராண்டுக்கும் ஒரு தாள் உண்டு என்று தெரிந்தால், கஷ்டத்தில் இருக்கும் குடும்பம் அந்தத் தாளோடு பிள்ளையை நிறுத்திக்கொள்ளும். திரும்பி வர ஏழாண்டு இருக்கிறது என்று காகிதம் சொல்லும். யார் கூட்டிக்கொண்டு வருவார்கள்?

அடுத்த முறை பாடத்திட்டக் குழு கூடும்போது செய்யக் கூடியவை சில இருக்கின்றன. மொழிப் பாடத்தின் ஆறு மணிக்கு நான்கு கிரெடிட்டாவது கொடுக்கலாம். ரயிலுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கக் கல்லூரி நூலகத்தை மாலை வண்டி நேரம்வரை திறந்து வைக்கலாம். முதல் பருவத்தின் முதல் வாரத்திலேயே, மணி எது, கிரெடிட் எது, ஒரு தாள் நின்றால் என்ன ஆகும் என்று துறைத்தலைவர் ஒரு வகுப்பு எடுத்துச் சொல்லலாம். அந்த ஒரு மணிக்குக் கிரெடிட் வேண்டாம்.