பின்னணி ஓசை பிறந்த கதை



படத்தில் ஒரு பாலைவனம் வருகிறது. யாரும் பேசவில்லை. ஆனாலும் வெயிலும் தனிமையும் நம் மனத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பின்னால் ஒலிக்கும் மெல்லிய ஓசைதான் அதற்குக் காரணம். அதை நிறுத்திவிட்டால் காட்சி உயிரற்றுப் போகும். அந்த ஓசையை மின்கருவியால் செய்தவர்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

1948இல் பாரிஸ் நகரில் பியேர் ஷெஃபேர் என்பவர் இரயில் வண்டிகளின் ஓசையைப் பதிவு செய்து, அதையே இசையாக்கி வானொலியில் ஒலிக்கச் செய்தார். பத்தாண்டு கழித்து, 1958இல், லண்டன் பி.பி.சி. ஓர் ஒலிப் பட்டறையைத் தொடங்கியது. வாத்தியக் குழுவால் தர முடியாத ஓசைகளை நாடகங்களுக்குச் செய்து கொடுப்பதே அதன் வேலை.

1962இல் அங்கே வந்து சேர்ந்தவர் டிலியா டெர்பிஷயர். 1937இல் கொவெண்ட்ரி நகரில் பிறந்தவர். தகப்பனார் தகர வேலை செய்த தொழிலாளி. 1940இல் அந்த ஊர்மேல் குண்டு விழுந்தபோது ஊதிய அபாயச் சங்கொலி அந்தச் சிறு பிள்ளையின் காதிலேயே தங்கிவிட்டது. பிறகு உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தார். ஆனால் வேலை கேட்டுப் போன இடத்தில், ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள்!

அவர் வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். வீட்டிலுள்ள பால் வாளியை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்ற அடி ஓய்ந்த பிறகு ஒரு ரீங்காரம் நிற்கும். டிலியா பட்டறையில் கிடந்த பழைய பச்சை விளக்கு மூடியை அப்படித்தான் தட்டினார். ஒலிநாடாவில் பதிந்து, அடியை நீக்கிவிட்டு ரீங்காரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அதில் கலந்துள்ள சுரங்களைப் பிரித்து, பலமான 12ஐ எடுத்து, 12 மின்கருவிகளால் மீண்டும் எழுப்பினார். சகாரா பாலைவன மக்களைப் பற்றிய படத்துக்கு அதுவே பின்னணி ஆயிற்று. ஒட்டகக் குளம்பொலியில் கலந்திருந்தது அவருடைய சொந்தக் குரல்!

1963இல் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையையும் அவரே உருவாக்கினார். ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை, ஒவ்வொரு சுரமாகத் தனியே செய்து, நாடாவை வெட்டி ஒட்டிச் சேர்த்தார். கேட்ட கிரெய்னர் இது தம்முடையதுதானா என்று வியந்தாராம். டிலியாவுக்கும் பங்கு கொடுக்க விரும்பினார்; நிலைய விதி இடங்கொடுக்கவில்லை. தொடரில் டிலியாவின் பெயர் வந்தது 2013இல். அவரோ 2001இலேயே காலமாகிவிட்டார். வீட்டு மேல்தட்டில் 267 ஒலிநாடாக்கள் பெட்டிகளில் கிடந்தன.

இன்று கணினியில் பின்னணி செய்கிறவர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள்: பதிவு செய், அடியை வெட்டு, மெதுவாக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு.

பெற்றோர்களே! பிள்ளை தட்டையும் வாளியையும் தட்டினால், "சும்மா இருக்கமாட்டியா?" என்று அதட்டுகிறோம். மகள் கருவியைத் தொட்டால், "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிறோம். இனி ஒரு நிமிடம் பொறுத்து, அவள் என்ன கேட்கிறாள் என்று நாமும் காது கொடுப்போம். அவள் செய்ததை அவள் பெயர் சொல்லியே பாராட்டுவோம். நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்து அல்ல, இன்றைக்கே!