கண்டியில் தண்ணீர் மலையேறிய கதை

2019ஆம் ஆண்டு மார்ச் இறுதி. கண்டி ஏரியைப் பார்த்தவாறு மேட்டில் அமைந்த சிறியதொரு விருந்தினர் விடுதிக்குச் சென்றிருந்தேன். உரிமையாளர் என் பல்கலைக்கழகத் தோழர். அவரது நீச்சல் தடாகம் பச்சைப் பாசி படர்ந்து கிடந்தது. தண்ணீரைச் சுழற்றி வடிகட்டும் மோட்டார் எரிந்துவிட்டது. ஒரே கோடையில் இது இரண்டாவது தடவை. "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் மச்சான்" என்று நொந்துகொண்டார்.

கடைக்காரர்மீது பழி போடுவது எளிது. ஆனால் அன்று மாலை ஏரிக்கரையில் நடந்தபோது, இந்தக் கதையின் தொடக்கம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இருப்பதாக எனக்குப் பட்டது.

ஏரிக்கரையில், தலதா மாளிகைக்கு அண்மையில், தண்ணீருக்குள் கால் வைத்து நிற்பது போன்ற ஒரு கட்டடம் உண்டு. சிங்களத்தில் உல்பென்கே என்பார்கள். கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அரசியர் நீராடிய மண்டபம் அது. பின்னர் வந்த ஆங்கிலேயர் அதன் மேல்தளத்தை நூலகமாக்கினார்கள். நீராடும் இடத்தில் புத்தகம் அடுக்கும் யோசனை எவருக்கு வந்ததோ! அந்த மண்டபத்துக்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. வயல்வெளியாக இருந்த பள்ளத்தை 1807க்கும் 1812க்கும் இடையில் அணைகட்டி மன்னன் ஏரியாக்கினான். சுற்றியிருந்த மலைகளின் நீர் தானாகவே அதில் வந்து தங்கியது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்ட குடிமக்கள். அவர்களின் மனக்கசப்பு, பிரதானிகளின் பகையோடு சேர்ந்து 1815இல் அரசையே கவிழ்த்தது. மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே மறைந்தான். ஏரி நின்றது.

பிரித்தானியர் காலத்திலும் கண்டிக்குத் தண்ணீர் மேலிருந்து கீழேதான் வந்தது. நகருக்கு மேலே துனுமடலாவ மலைக்காட்டில் நீர்த்தேக்கங்கள் அமைத்து, அங்கிருந்து குழாய்வழியே நகருக்கு இறக்கினார்கள். அந்தக் காட்டுக்குள் நுழைந்தால் கைவிடப்பட்ட பழைய தோட்டப் பயிர்களின் எச்சங்களை இன்றும் காணலாம். சுற்றுப்புறத் தோட்டங்களில் லயத்து மக்களுக்குப் பீலி இருந்தது. ஊற்றிலிருந்து மூங்கிலோ தகரமோ தாங்கிவந்த அந்த நீரில்தான் மலையகத்தின் பல தலைமுறைகள் குளித்து, குடித்து, ஊர்க்கதை பேசி வளர்ந்தன. பீலிக்கு மின்சாரக் கட்டணம் வருவதில்லை.

நகரம் பெருத்தபோது காட்டு நீர் போதவில்லை. மகாவலியை நாடவேண்டியதாயிற்று. ஏரியின் மட்டம் கடலிலிருந்து ஏறத்தாழ 530 மீற்றர் உயரம். மகாவலி அதைவிடத் தாழ்வில் ஓடுகிறது. வீடுகளோ ஏரியைவிட உயரத்தில் ஏறிக்கொண்டே போகின்றன. ஆகவே கெட்டம்பேயில் ஆற்று நீரைச் சுத்திகரித்து மேலே தள்ளத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் கட்டுகஸ்தோட்டையிலும் ஒரு நிலையம் எழுந்தது. ஆயிரம் லீற்றர் நீரை நூறு மீற்றர் உயர்த்தக் கணக்குப்படி கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் வேண்டும். பம்பியும் மோட்டாரும் குழாயும் தின்பதைச் சேர்த்தால் அரை யூனிட் வரும். மலைநாட்டில் தண்ணீர் என்பது பாதி மின்சாரம் என்று நான் சொல்வதுண்டு.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? 1985இல் திறக்கப்பட்ட கொத்மலைத் திட்டத்தில் விசையாழியைச் சுழற்றிய நீர்தான் பேராதனையைக் கடந்து கெட்டம்பேக்கு வருகிறது. சற்றுக் கீழே பொல்கொல்லவில் 1976இல் அமைந்த அணைக்கட்டு, ஆற்றில் ஒரு பகுதியைச் சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்புகிறது. எஞ்சியது விக்டோரியாவுக்குப் போகிறது. நாம் குடிக்கும் ஆறும் நம் மோட்டாரை ஓட்டும் ஆறும் ஒன்றே. மழை பொய்த்தால் இரண்டும் ஒரே வேளையில் வற்றுகின்றன. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்வலுவையே நம்பியிருந்த 1996இல் இதைக் கண்கூடாகக் கண்டோம். அப்போது நாளுக்குப் பல மணி நேரம் இருளிலிருந்து செய்தி எழுதினோம். அதன்பின் நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் வந்தது. ஆயினும் தொல்லை தீரவில்லை. நீர்த்தேக்கங்கள் வற்றியிருந்த 2019 மார்ச் இறுதியில் மீண்டும் சுழற்சி முறை மின்வெட்டு. 2022இலோ எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியும் இல்லாமற்போய், மார்ச் 31இல் அது 13 மணி நேரத்தை எட்டியது.

இனி என் தோழரின் மோட்டாருக்கு வருவோம். சாதாரண மோட்டார்கள், சுற்றியுள்ள காற்று 40 பாகை செல்சியசுக்கு மேற்படாது என்ற கணக்கில் செய்யப்படுகின்றன. கண்டியின் கோடைக்கு அது தாராளம். ஆனால் அவர் மோட்டாரை வைத்திருந்தது சன்னல் இல்லாத தகரக் கொட்டிலில். நடுப்பகலில் அதற்குள் என்னால் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை. வெயிலில் குளோரின் விரைவில் அழிந்து பாசி பெருகுவதால், மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டியிருக்கிறார். (அசையாத நீரில் பாசி பெருகினால் என்ன நேரும் என்பதை மன்னனின் ஏரியே 1999இல் காட்டியது, அவ்வாண்டு மே மாதம் நச்சுப் பாசி அதை மூடியது.) மின்வெட்டு முடிந்ததும் ஊரிலுள்ள அத்தனை பம்பிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் ஒருசேர உயிர்பெறும். 230 வோல்ற்று இருக்கவேண்டிய இடத்தில் 190தான் வரும். அதே சுமையை இழுக்க மோட்டார் அதிக மின்னோட்டம் கேட்கும். கம்பிச்சுருளில் எழும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். சுருளின் வெப்பம் ஒவ்வொரு பத்துப் பாகை கூடும்போதும் அதன் மேற்பூச்சின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியியலாளரின் பழைய கணக்கு. எரிந்ததில் வியப்பு என்ன?

கம்பி சுற்றிக்கொடுக்கும் முதியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனோம். அவர் கரிந்த சுருளை முகர்ந்து பார்த்துவிட்டு, "கொட்டிலுக்குச் சன்னல் வையுங்கோ ஐயா. இரவில ஓட்டுங்கோ" என்றார். கூலியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

தோழர் கொட்டிலின் இருபக்கத் தகரத்தையும் கழற்றிக் கம்பிவலை அடித்தார். கூரைமேல் தென்னோலை பரப்பினார். ஊர் விளக்குகள் அணையும் இரவு 11 மணிக்குப் பின்னரே மோட்டார் ஓடுகிறது. இதுவரை எரியவில்லை. கடைக்காரனைத் திட்டுவதை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.