காகத்துக்கு எந்தக் குண்டு?



துப்பாக்கிக்கு ஏற்ற குண்டு எது? இது வேட்டைக்காரர்கள் கேட்கும் கேள்வி என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் சிங்கப்பூரில் அது பல பத்தாண்டுகள் ஒரு நகர நிர்வாகத்தின் கேள்வியாக இருந்தது. சுட வேண்டியிருந்தது புலியையோ காட்டுப்பன்றியையோ அன்று, காகத்தை. அந்தக் காகம் இந்த வட்டாரத்துக்கு வந்த வரலாறு தோட்டப்புறத்தில் தொடங்குகிறது. ஆகவே தோட்டத்தில் இருக்கிறவர்களும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் குடியேறியவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

ரப்பர் வருவதற்கு முன்னால் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1890களில் கிள்ளான் வட்டாரத்தில் காடழித்துக் காப்பி நட்டார்கள். நம் முன்னோர்களில் பலர் கப்பலேறி வந்து முதலில் வேலை பார்த்தது இத்தகைய தோட்டங்களில்தான். அக்காலத்தில் காப்பிச் செடிக்கு ஒரு பகை வந்தது. வாலில் கொம்பு போன்ற முள்ளுடைய பச்சைப் புழு அது. ஒரு வகை அந்துப்பூச்சியின் புழுவாகிய அது, இலைகளை மொட்டையடித்துவிடும். பூச்சிமருந்து தெளிக்கும் வசதி அன்று இல்லை. புழுவைத் தின்னப் பறவையைக் கொண்டுவரலாம் என்று தோட்டக்காரர்கள் எண்ணினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து கிள்ளானில் விட்டார்கள்.

கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் ஊர்க்காகம் இது. உடல் முழுவதும் கறுத்த அண்டங்காக்கை இந்த மண்ணுக்கே உரியது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஊர்க்காகத்தின் குணம் நமக்குத் தெரிந்ததுதான். மனிதன் இருக்கும் இடத்தில் அது இருக்கும். சோற்றுப் பருக்கையும் மீன் செதிலும் கிடைக்கும்போது, அது புழுவைத் தேடிக் காப்பிச் செடிக்குள் ஏன் அலையப்போகிறது?

இதற்கிடையில் பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை வீழ்ந்தது. தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினார்கள். 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்திருந்தன. 1888இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்துக் காட்டினார். காப்பி போயிற்று, ரப்பர் வந்தது. காகம் மட்டும் போகவில்லை. அது மெல்ல மெல்ல ஊர் ஊராகப் பரவியது. 1940களின் பிற்பகுதியில் சிங்கப்பூரிலும் அதைக் கண்டார்கள்.

சிங்கப்பூர் அதற்கு ஏற்ற ஊராக அமைந்துவிட்டது. சந்தைகள், உணவங்காடிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், சாலையோரத்தில் அடர்ந்த தூங்குமூஞ்சி மரங்கள்! பகலில் தீனியும் இரவில் தங்குமிடமும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தன. 2000ஆம் ஆண்டை ஒட்டி, சுமார் 700 சதுரக் கிலோமீட்டர் பரப்பே கொண்ட அந்தத் தீவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காகங்கள் இருந்தன என்று மதிப்பிட்டார்கள். அவை மற்றப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும். கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் வழியே போகிறவரின் தலையைக் கொத்தும். மாலையில் ஆயிரக்கணக்கில் கூடினால் இரைச்சலும் எச்சமும் சொல்லி முடியாது.

அரசாங்கம் பல வழிகளைக் கையாண்டது. அவற்றில் ஒன்று சுடுவது. சிங்கப்பூர்த் துப்பாக்கிக் கழகத்தைச் சேர்ந்த பயிற்சி பெற்றவர்கள், அனுமதி பெற்றுக் குடியிருப்புப் பகுதிகளுக்குச் சென்று காகங்களைச் சுட்டார்கள். இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. மக்கள் நெருங்கி வாழும் நகரத்தில் எந்தக் குண்டைப் பயன்படுத்துவது?

மூன்று வகையை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ரைபிளின் தனிக்குண்டு. மிகச் சிறிய ரைபிளின் குண்டுகூட ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். காகத்துக்குத் தவறினால் அது எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அதை நகரத்தில் நினைத்தும் பார்க்க முடியாது.

இரண்டாவது, காற்றுத் துப்பாக்கியின் குண்டு. இதில் வெடிமருந்து இல்லை. சுருள்வில்லோ அடைத்து வைத்த காற்றோ குண்டைத் தள்ளுகிறது. இதை விளையாட்டுச் சாமான் என்று எண்ண வேண்டாம். 1780ஐ ஒட்டி ஆஸ்திரியப் படையினர் ஜிராண்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியைப் போருக்கே பயன்படுத்தினார்கள். இன்று வழக்கத்தில் உள்ள குண்டு ஈயத்தால் ஆனது. நடுவில் இடுப்புப் போல ஒடுங்கி, பின்புறம் பாவாடை போல விரிந்திருக்கும். காற்று பின்னாலிருந்து அழுத்தும்போது அந்தப் பாவாடை விரிந்து குழாயின் உட்புற வரிகளைப் பற்றிக்கொள்ளும். குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும்.

இதில் குழாயின் அளவே முதல் விதி. 4.5 மில்லிமீட்டர், 5.5 மில்லிமீட்டர் என்ற இரண்டு அளவுகள் பெருவழக்கு. ஒன்றின் குண்டை மற்றொன்றில் போடக் கூடாது. சிறியதைப் பெரிய குழாயில் போட்டால் காற்று பக்கவாட்டில் தப்பிவிடும். பெரியதைச் சிறிய குழாயில் திணித்தால் நசுங்கி அடைத்துக்கொள்ளும். அடுத்தது தலையின் வடிவம். தட்டைத் தலைக் குண்டு காகித இலக்கில் வட்டமாகத் துளை வெட்டும். புள்ளிகளைக் கணக்கிட அது வசதி. உருண்டைத் தலைக் குண்டு காற்றைக் கிழித்து இன்னும் தூரம் செல்லும். ஆனால் எந்தத் தலையாக இருந்தாலும் அது ஒற்றைக் குண்டுதான். மரக்கிளையில் அசையும் காகத்தை அது தவறவிட்டால், பின்னால் இருக்கும் பத்தாவது மாடிச் சன்னலுக்குப் போகலாம். பாதியாகப் பட்டால் பறவை உயிரோடு துடித்துக்கொண்டே பறந்துபோகும்.

மூன்றாவது, ரவை. தமிழ்நாட்டில் பால்ரஸ் குண்டு என்று சொல்வார்கள். ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சிறு ஈய மணிகள் இருக்கும். சுட்டவுடன் அவை வலை விரிவதுபோல விரியும். சிங்கப்பூரில் காகத்துக்குப் பயன்பட்டது இந்த வகைத் துப்பாக்கியே.

இந்த மணிகளை உருட்டிச் செய்வதில்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் என்ற ஈயவேலைக்காரர் 1782இல் இதற்கு ஒரு வழி கண்டு உரிமம் பெற்றார். உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியே கோபுரத்தின் உச்சியிலிருந்து கொட்டினார். ஈயத் துளிகள் விழும்போதே உருண்டையாகி, கீழே தொட்டித் தண்ணீரில் இறுகிவிட்டன. பால்மரத்திலிருந்து மங்கில் சொட்டும் பால் உருண்டு திரண்டு விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இதற்காகவே அவர் தம் வீட்டின் மேல் கோபுரம் எழுப்பினார்.

ரவைக்கு எண் உண்டு. எண் பெரிதானால் மணி சிறிதாகும். ஏழாம் எண் ரவை சுமார் இரண்டரை மில்லிமீட்டர் குறுக்களவு. 28 கிராம் எடையுள்ள ஈயத்தில் அது முந்நூற்றுக்கு மேல் அடங்கும். நான்காம் எண் ரவையானால் ஏறக்குறைய அதில் பாதிதான் அடங்கும்.

நகரத்துக்குச் சிறிய ரவை ஏற்றது என்பது ஏன்? ஒரு கைப்பிடிக் கடுகையும் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையையும் அதே வேகத்தில் வீசிப் பாருங்கள். கடுகு பக்கத்திலேயே விழுந்துவிடும். சிறிய பொருளின் வேகத்தைக் காற்று விரைவில் குறைத்துவிடுகிறது. சிறிய ரவை மணி சுமார் இருநூறு மீட்டருக்குள் வலுவிழந்து, தூறல் போலத் தரையில் உதிரும். ஆகவே சரியான குண்டு என்பது பறவையை வீழ்த்துவது மட்டும் அன்று. குறி தவறினாலும் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய குண்டுதான் சரியான குண்டு.

சுடுதலோடு கூடுகளைக் கலைத்தார்கள். குப்பைத் தொட்டிகளை ஒழுங்குபடுத்தினார்கள். 2016 வாக்கில் காகங்கள் சுமார் பத்தாயிரமாகக் குறைந்தன என்று மதிப்பிட்டார்கள். ஆனால் ரவை எவ்வளவு சிறிதானாலும் நகரமும் நெருங்கிக்கொண்டே வந்தது. இருநூறு மீட்டர் தூரத்துக்கு ஆளில்லாத இடம் அடுக்குமாடிகளுக்கு நடுவில் எங்கே கிடைக்கும்? பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி 2020இல் காகம் சுடுவது நிறுத்தப்பட்டது.

பிறகு காகங்கள் மீண்டும் தலையெடுத்தன. 2023இல் பீஷான் வட்டாரத்தில் வழியே போனவர்களைக் காகங்கள் தாக்கியபோது, தேசியப் பூங்காக் கழகம் பொறி வைத்துப் பிடித்தது; கூடுகளை அகற்றியது; குப்பையை மூடி வைக்கச் சொன்னது. காகம் முதலில் வந்திறங்கிய கிள்ளானிலும் நகராட்சி துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு காகங்களைச் சுடவைத்தது. அங்கும் காகம் ஒழிந்துவிடவில்லை. சுடப்பட்டவற்றின் இடத்தை, தீனி கிடைக்கும் வரை, புதிய குஞ்சுகள் நிரப்பிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் காற்றுத் துப்பாக்கிக் குண்டுக்கு ஏற்ற இடம் எது? சுவரும் தடுப்பும் உள்ள பயிற்சிக் கூடம்தான். பத்து மீட்டர் காற்று ரைபிள் 1984 முதல் ஒலிம்பிக் போட்டியாக இருக்கிறது. அதில் 4.5 மில்லிமீட்டர்த் தட்டைத் தலைக் குண்டையே பயன்படுத்துகிறார்கள். எடை ஏறக்குறைய அரைக் கிராம். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான்! ஒரே அளவு, ஒரே எடை உடைய குண்டுகளைத் தேர்ந்தெடுத்து, தம் குழாய்க்கு எது பொருந்துகிறது என்று வீரர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ 2018 காமன்வெல்த் போட்டியில் இதில் தங்கம் வென்றார். மலேசியாவின் நூர் சூரியானி 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபடியே இந்தப் போட்டியில் கலந்துகொண்டார். உடல் பலத்தைவிட நிதானம் பெரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தாய்மார்களே, தகப்பன்மார்களே, இதிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

காற்றுத் துப்பாக்கியும் சட்டப்படி துப்பாக்கியே. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதையும் கட்டுப்படுத்துகிறது. சிங்கப்பூரில் சட்டம் இன்னும் கடுமையானது. அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். குருவி அடிக்கத்தானே என்று பிள்ளை கையில் யாரோ கொடுத்த துப்பாக்கி, ஒரு கண்ணைப் பறித்துவிடலாம். ஒரு குடும்பத்தைக் காவல் நிலையத்துக்கும் இழுத்துவிடலாம். ஈயம் நஞ்சு என்பதையும் மறக்கக் கூடாது. குண்டைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்கலாகாது. குண்டை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் மிகவும் கெட்டது.

இன்னொன்று நம் வழக்கத்தைப் பற்றியது. அமாவாசையன்று இலையில் சோறு வைத்துக் காகத்தை அழைப்பது முன்னோரை நினைக்கும் பண்பு. அந்த நினைவு உயர்ந்தது. ஆனால் சிங்கப்பூரில் 2020இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவைகளுக்குத் தீனி போடுவது குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரையும், மறுமுறைக்கு 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்கலாம். சிராங்கூன் சாலையிலும் தேக்கா சந்தைப் பக்கத்திலும் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். படையலை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கும்பிட்டு, நாமே பகிர்ந்து உண்ணலாம். முன்னோர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. காகம் தானாக இந்த நாட்டின் மீது படையெடுத்து வரவில்லை. புழு தின்னும் வேலைக்கென்று மனிதன் அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தான். அந்த வேலை முடிந்தது. அதன் வயிறு முடியவில்லை. நாம் திறந்து போட்ட தொட்டியில் அது தின்றது. நாம் நட்ட மரத்தில் கூடு கட்டியது. ஒரு நூற்றாண்டு கழித்து எந்த எண் ரவையால் அதைச் சுடுவது என்று யோசித்தோம். லயத்துக்குப் பின்னால் இருக்கும் குப்பைக் குழியானாலும், அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் தொட்டியானாலும், மூடி இருந்தால் மூடிவிடுவோம். மூடி இல்லையென்றால் கேட்டு வாங்குவோம். குறி தவறினால் அடுத்த வீட்டுக் குழந்தைமேல் பாயக்கூடிய ஆபத்து அந்த மூடியில் இல்லை.